லிஸ்பன் தோற்கட்டும்: இன்றும் உயிரோடிருக்கும் போர்த்துகீசியப் பேரரசைக் கற்பனையில் கட்டுவது எப்படி?

மாற்று வரலாறு எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கோவா, மக்காவ், திமோர் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் பூசி, மூலையில் ஒரு மகுடம் வரைந்துவிட்டால் பேரரசு தயார். மூன்றாம் அத்தியாயத்தில் கதை படுத்துவிடும். 1 கோடிப் பேர் வாழும் ஐரோப்பிய மூலை ஒன்று 27 கோடிப் பேரை இன்றைக்கு எப்படி ஆள்கிறது என்ற கேள்விக்கு அந்த வரைபடத்தில் பதில் கிடையாது.

வரைபடத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உண்மையில் நடந்தது, வலப்பக்கம் உங்கள் கற்பனை. வலப்பக்கம் ஒரு வரி எழுதுமுன் இடப்பக்கம் மூன்று வரியாவது இருக்கவேண்டும். வரலாறு நம் கற்பனையை நோக்கிக் கிளை பிரியும் இடத்தை இங்கே 'கவை' என்று சொல்வோம்.

படி 1: கவையைத் தேர்வு செய்தல்

வழக்கமாக மூன்று இடங்களில் கவை போடுகிறார்கள்.

முதலாவது, 1578. மொரோக்கோவின் அல்காசர் கிபீர் போரில் இளம் மன்னன் செபஸ்தியான் வாரிசில்லாமல் மடிந்தான். இரண்டே ஆண்டில் மகுடம் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பிடம் போயிற்று. 1640 டிசம்பர் 1 வரை அந்த நிலைதான். ஸ்பெயினின் எதிரிகளான டச்சுக்காரர்கள் போர்த்துகலுக்கும் எதிரிகள் ஆனார்கள். மலாக்கா 1641-இலும், கொழும்பு 1656-இலும், யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் 1658-இலும், கொச்சி 1663-இலும் கைமாறின. செபஸ்தியான் பிழைத்திருந்தால் இவற்றில் சில தப்பியிருக்கலாம். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகலில் மொத்தமே 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டிய மக்கள்தான். ஆசியாவில் அவர்கள் வைத்திருந்தது நிலம் அல்ல. கோட்டைகள், சுங்கச் சாவடிகள், கப்பல்களுக்கு விற்ற கடவுச்சீட்டுகள். அந்த வலையை 1700 வரை இழுக்கலாம். இன்றுவரை இழுக்க ஆள் போதாது.

இரண்டாவது, 1974. போர்த்துகலின் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த ஏப்ரல் 25 புரட்சிக்குச் சில வாரங்கள் முன்பு ஜெனரல் ஸ்பினோலா கூட்டாட்சி யோசனையை வெளியிட்டார்; அதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்கள். அதற்குள் அங்கோலாவில் 13 ஆண்டுகளாகப் போர்; கினியா-பிசாவ் 1973 செப்டம்பரிலேயே தன்னிச்சையாக விடுதலையை அறிவித்துவிட்டது. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு அணை கட்டுகிற வேலை. திகில் கதைக்கு வேண்டுமானால் ஆகும்.

மூன்றாவதுதான் உருப்படியானது: 1807-க்கும் 1822-க்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகள். காரணம், பாதி வேலையை உண்மை வரலாறே முடித்து வைத்திருக்கிறது. 1807 நவம்பர் 29 அன்று நெப்போலியனின் படை வாசலில் நிற்க, அரச குடும்பம் முழுவதும் ஆங்கிலேயக் கப்பல்களின் காவலோடு லிஸ்பனிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பிற்று. மறுநாள் தளபதி ஜுனோ நகருக்குள் நுழைந்தார். புறப்பட்ட அவசரத்தில் அரச நூலகத்தின் பெட்டிகள் மழைச் சேற்றில் துறைமுகத்திலேயே கிடந்தன. தேவாலய வெள்ளிப் பாத்திரங்கள் வண்டி வண்டியாக நின்று பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. நூல்கள் 1810-லிருந்து தவணை தவணையாக, அரசவை தங்கிய ரியோ டி ஜெனிரோவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1815 டிசம்பர் 16 அன்று பிரேசில் காலனி என்ற நிலையிலிருந்து உயர்ந்து 'போர்த்துகல், பிரேசில், அல்கார்வ் ஐக்கிய முடியரசு' பிறந்தது. ஐரோப்பிய அரசு ஒன்று தன் காலனியில் குடியேறி அங்கிருந்தே தாய்நாட்டை ஆண்டது. இதை நாமே கற்பனை செய்து எழுதியிருந்தால் நம்ப ஆளிருக்காது.

படி 2: கவையை ஒரே நாளுக்குச் சுருக்குதல்

'1820-களில் ஏதோ மாறியது' என்று எழுதினால் கதை வழுக்கும். நாளைச் சொல்லவேண்டும். நாம் எடுத்துக்கொள்வது 1821 பிப்ரவரி 18.

இடப்பக்கத்தில் எழுதவேண்டியது இது. 1820 ஆகஸ்ட் 24 அன்று போர்ட்டோ நகரில் புரட்சி. அரசியலமைப்பு வேண்டும், மன்னர் திரும்பவேண்டும் என்று கோரிக்கை. செய்தி அக்டோபர் நடுவில் ரியோவை எட்டியது. மன்னர் ஆறாம் ஜுவாவ் முடிவெடுக்கத் தயங்குகிற மனிதர். டிசம்பரில் வந்து சேர்ந்த பல்மேலா கோமான், 'காலம் கடத்தாதீர்கள். அரசியலமைப்புக்கு நீங்களே அடிப்படை வகுத்து, பட்டத்து இளவரசர் பெட்ரோவை லிஸ்பனுக்கு அனுப்புங்கள்' என்றார். அமைச்சர் தோமாஸ் அந்தோனியோ குறுக்கே நின்றார். பெட்ரோவின் மனைவி, ஆஸ்திரிய இளவரசி லியோபோல்தினா, அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவரை விட்டுவிட்டு இளவரசர் மட்டும் போவதா என்ற தகராறு வேறு. பெட்ரோ போவார் என்ற ஆணை பிப்ரவரி 18 தேதியிட்டு எழுதப்பட்டது, ஐந்து நாள் கழித்து வெளியானது, நிறைவேறவில்லை. பிப்ரவரி 26 அன்று ரியோவில் படைகள் சதுக்கத்தில் திரண்டன. கடைசியில் எல்லாம் தலைகீழாயிற்று: ஏப்ரல் 26 அன்று மன்னர் லிஸ்பனுக்குக் கப்பலேறினார், மகன் ரியோவில் தங்கினார். 1822 செப்டம்பர் 7 அன்று அந்த மகனே பிரேசிலின் விடுதலையை அறிவித்தார்.

வலப்பக்கத்தில் ஒரே மாற்றம்: ஆணை நிறைவேறுகிறது. மகன் லிஸ்பன் போகிறார், தந்தை ரியோவில் இருக்கிறார். இதற்குப் புதிய ஆயுதமோ அதிசய மருந்தோ தேவையில்லை. ஒரு மனிதர் எட்டு நாள் முன்னதாக முடிவெடுத்தால் போதும். அந்தக் குழந்தையைச் சில வாரம் முன்னதாகப் பிறக்க வைத்தால் தகராறும் தீர்ந்துவிடும் (உண்மையில் பிறந்தது மார்ச் 6).

இங்கே பலர் மறப்பது இளைய இளவரசர் மிகேலையும் அரசி கர்லோட்டாவையும். இருவரும் மன்னரோடு 1821-இல் லிஸ்பன் திரும்பியதால்தான் 1823, 1824 கலகங்களும் 1828 தொடங்கி 1834 வரை நீண்ட உள்நாட்டுப் போரும் விளைந்தன. நம் கதையில் அவர்கள் ரியோவிலேயே மன்னரின் கண்பார்வையில் இருக்கிறார்கள். தலைவலி தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. அரசியலமைப்பு பிடிக்காத ரியோ ராணுவ அதிகாரிகள் யாரைச் சுற்றிக் கூடுவார்கள் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

படி 3: தலைகளை எண்ணுதல்

பேரரசு உடைந்த இடம் போர்க்களம் அல்ல, நாற்காலிக் கணக்கு.

1819 வாக்கிலான மதிப்பீட்டின்படி பிரேசிலில் ஏறத்தாழ 44 லட்சம் மக்கள். அதில் சுமார் 11 லட்சம் அடிமைகள். காட்டுப் பழங்குடிகள் சுமார் 8 லட்சம் பேரும் இந்தக் கணக்கில் அடக்கம். போர்த்துகலில் சுமார் 30 லட்சம். எல்லோரையும் எண்ணினால் பிரேசிலுக்குப் பெரும்பான்மை. சுதந்திர மனிதர்களை மட்டும் எண்ணினால் 33-க்கு 30, கிட்டத்தட்ட சமம். உண்மையில், அரசியலமைப்பு எழுதக் கூடிய லிஸ்பன் பேரவையில் போர்த்துகலுக்கு 100 இருக்கை அளவில். பிரேசிலுக்கு 70 சொச்சம், அதிலும் போய் உட்கார்ந்தவர்கள் 50 பேர் அளவில்தான். முதல் குழுவான பெர்னாம்புகோ உறுப்பினர்கள் 1821 ஆகஸ்ட் இறுதியில் போய்ச் சேர்ந்தபோது பேரவை கூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம்.

இந்த இடத்தில் சொந்தமாக அரசியலமைப்பு கண்டுபிடிக்க வேண்டாம். 1821 அக்டோபரில் சாவோ பாவுலோ மாகாண அரசு தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்தனுப்பிய அறிவுரைப் பட்டியல் இருக்கிறது. எழுதியவர் ஜோசே பொனிஃபாசியோ, கனிமவியல் அறிஞர், பின்னாளில் பிரேசில் விடுதலையின் மூளை. அதில் கேட்டிருப்பவை: ஐக்கிய முடியரசு பிரியக்கூடாது, இரு நாடுகளுக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், அரசரின் இருப்பிடம் பிரேசிலில், அல்லது ஆட்சிக்கு ஆட்சி மாறி மாறி, பிரேசிலின் உள்நாட்டில் புதிதாக ஒரு நகரம், ஒரு பல்கலைக்கழகம், அடிமைகளைப் படிப்படியாக விடுவித்தல். விடுதலைக்கு 11 மாதம் முன்புவரை அவர் கேட்டது பிரிவினை அல்ல, சமபங்கு. உங்கள் வலப்பக்கத்து அரசியலமைப்புக்கு இதைவிட நல்ல வரைவு கிடைக்காது. லிஸ்பனில் இளவரசர் பெட்ரோ இருக்கிறார்; ரியோவில் இருக்கும் மன்னரின் கையெழுத்து இல்லாமல் சட்டம் செல்லாது. ஆக, பேரவை இதை ஏற்கவேண்டிய நிர்ப்பந்தம் நம் கதையில் உண்டு.

ஆனால் 'சமம்' என்று எழுதும்போதே 200 ஆண்டு தள்ளிப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் பிரேசில் 20.3 கோடி, 2021-இல் போர்த்துகல் 1.03 கோடி. அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் சேர்த்தால், ஆளுக்கு ஒரு வாக்கு முறையில் போர்த்துகலின் பங்கு நூற்றுக்கு நான்குகூடத் தேறாது. மக்கள்தொகை அவை ஒன்று, நாடுகளுக்குச் சம இடமுள்ள மேலவை ஒன்று என்று இரண்டு அடுக்கு வைத்தால்தான் லிஸ்பன் வெளிநடப்புச் செய்யாது. எந்த ஆண்டில் இந்த ஏற்பாடு வருகிறது, யார் எதிர்த்தார்கள் என்பதே உங்கள் கதையின் 19-ஆம் நூற்றாண்டு.

பேரரசு பிழைக்கவேண்டுமானால் லிஸ்பன் தோற்கவேண்டும். போர்த்துகலின் பேரரசு பிழைக்காது. போர்த்துகீசியம் பேசும் பேரரசு பிழைக்கலாம். 1821-இல் லிஸ்பன் வணிகர்களால் விழுங்க முடியாத கசப்பு இதுதான். 'காலனிக்குக் காலனி ஆகிவிட்டோம்' என்பது அவர்களுடைய புலம்பல். 1808-க்குப் பின் நாட்டின் படையே ஆங்கிலேயரான பெரஸ்ஃபோர்டின் கையில் இருந்தது என்பதை நினைத்தால் புலம்பலில் நியாயமும் உண்டு.

படி 4: கடிதம் போக எத்தனை நாள்?

1807-இல் கிளம்பிய அரசக் கப்பற்படைக்கு லிஸ்பனிலிருந்து பிரேசிலின் சால்வதோர் போக 54 நாள் ஆயிற்று. கேள்வி கேட்டுப் பதில் வாங்க நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நடந்ததைப் பாருங்கள்: பெட்ரோ நாடு திரும்பவேண்டும் என்று லிஸ்பன் ஆணையிட்டது 1821 செப்டம்பர் 29, அது ரியோவுக்கு வந்தது டிசம்பரில், 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று அவர் அறிவித்தது 1822 ஜனவரி 9. அது லிஸ்பனுக்குத் தெரியுமுன் லிஸ்பன் அடுத்தடுத்த ஆணைகளைப் போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் பழைய செய்திக்குக் கோபப்பட்டுக்கொண்டிருந்தன.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கை நிரந்தரமாக எழுதி வையுங்கள். 1850 வரை: பாய்க்கப்பல், ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். 1851 முதல்: இங்கிலாந்திலிருந்து லிஸ்பன் வழியாகப் பிரேசிலுக்கு ஒழுங்கான நீராவித் தபால் கப்பல், மாதக் கணக்கு வாரக் கணக்காகும். 1874: லிஸ்பன் பக்கத்துக் கர்கவேலோஸிலிருந்து மதேரா, கேப் வெர்டே வழியாக ரெசிஃபெக்குக் கடலடித் தந்திக் கம்பி. அந்த நாளிலிருந்துதான் மணிக் கணக்கு.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: 1874-க்கு முன் மையப்படுத்திய நிர்வாகம் வைக்காதீர்கள். வரியும் காவலும் நீதியும் அந்தந்த நாட்டில். படை, வெளியுறவு, சுங்கம் மட்டும் பொது. இதை மீறி 1830-லேயே ரியோ எல்லாவற்றையும் ஆட்டிப்படைப்பதாக எழுதினால் வாசகருக்கு உடனே உறுத்தும்.

காற்றையும் மறக்காதீர்கள். பிரேசிலின் வடக்கு மாகாணங்களான பாராவுக்கும் மரன்யாவுக்கும் பாய்க்கப்பல் காலத்தில் ரியோவைவிட லிஸ்பன் பக்கம். கடல் நீரோட்டமும் காற்றும் அப்படி. போர்ட்டோ புரட்சியோடு பிரேசிலில் முதலில் சேர்ந்ததே பாராதான், 1821 ஜனவரி 1 அன்று. ரியோ தலைநகரானால் வடக்கு முறுக்கிக்கொள்ளும். பெர்னாம்புகோ 1817-இல் ஒருமுறை குடியரசு அறிவித்துப் பார்த்த மாகாணம், 1824-இல் மறுபடியும். உங்கள் கதையில் அது எப்போது மூன்றாம் முறை கிளம்புகிறது?

படி 5: பணம்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 1808 ஜனவரி 28 அன்று பிரேசில் துறைமுகங்கள் நட்பு நாடுகளுக்குத் திறக்கப்பட்டன. இடைத்தரகு லாபத்தில் வாழ்ந்த லிஸ்பன் அன்றே படுத்துவிட்டது. 1810 ஒப்பந்தம் அதற்கு மேல்: ஆங்கிலேயச் சரக்குக்குச் சுங்கம் 15 சதவீதம், போர்த்துகீசியச் சரக்குக்கு 16, மற்றவர்களுக்கு 24. சொந்த நாட்டுச் சரக்கு அந்நியச் சரக்கைவிட ஒரு சதவீதம் அதிகம் கட்டியது!

உங்கள் சீர்திருத்தம் இங்கே தொடங்கட்டும். ஒயின், உப்பு, ஆலிவ் எண்ணெய் பிரேசிலுக்கும், சர்க்கரை, பருத்தி, காப்பி போர்த்துகலுக்கும் சுங்கமின்றிப் போகட்டும். போர்ட்டோ ஒயின் வணிகர்கள் வாயடைத்தால் புரட்சியின் பாதிச் சூடு தணியும். இங்கிலாந்து சும்மா விடாது; அதன் சலுகையை எந்த ஆண்டில் எப்படிக் குறைக்கிறீர்கள் என்று எழுதவேண்டும். தனி பிரேசிலுக்கே அது 1844-இல்தான் முடிந்தது. இன்னொன்று: 1821-இல் மன்னரின் பரிவாரம் கிளம்பியபோது பாங்கோ தோ பிரேசிலில் இருந்த பொன்னையும் நாணயத்தையும் எடுத்துக்கொண்டு போனது, வங்கி தேறாமல் 1829-இல் மூடப்பட்டது. நம் கதையில் மன்னர் கிளம்பவில்லை, வங்கி தப்புகிறது. 1830-களில் காப்பி முதலிடத்துக்கு வரும்போது கடன் கொடுக்க ரியோவில் ஒரு வங்கி இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

படி 6: அடிமைகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற கதைகள்தான் அதிகம். அரண்மனை, கப்பல், காப்பித் தோட்டம் எல்லாம் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். பிரேசிலில் உயிரோடு இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 48 லட்சம். பெரும்பகுதி அங்கோலாக் கரையிலிருந்து. அங்கோலாவின் லுவாண்டாவும் ரியோவும் ஒன்றையொன்று பார்த்து வாழ்ந்த நகரங்கள். 1648-இல் டச்சுக்காரரிடமிருந்து லுவாண்டாவை மீட்ட கப்பல்களே ரியோவிலிருந்துதான் போயின.

இங்கே மாற்று வரலாற்றின் கசப்பான கணக்கு ஒன்று வருகிறது. வியன்னா மாநாட்டில் 1815-இல் போர்த்துகல் ஒப்புக்கொண்டது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மட்டும் அடிமை வணிகத் தடை. தெற்கே, தன் ஆட்சிப் பகுதிகளுக்குள், வணிகம் சட்டப்படி நடக்கலாம். பிரேசில் தனி நாடானதும் அது அந்நிய வணிகம் ஆகிவிட்டது. விடுதலையை அங்கீகரிக்க விலையாக 1826-இல் இங்கிலாந்து தடை ஒப்பந்தம் வாங்கிற்று. அதன்படி வந்த 1831 சட்டத்தை யாரும் மதிக்கவில்லை; 'ஆங்கிலேயன் பார்க்க' (வெறும் கண்துடைப்பு) என்ற பிரேசிலிய வழக்கே அதிலிருந்து வந்தது என்பார்கள். 1850 சட்டத்துக்குப் பிறகே கப்பல்கள் நின்றன. அடிமை முறை 1888 மே 13 வரை நீடித்தது.

உங்கள் பேரரசு உடையவில்லை. அங்கீகாரம் என்ற பிடி இங்கிலாந்திடம் இல்லை. லுவாண்டாவிலிருந்து ரியோ போகிற கப்பல் ஒரே நாட்டின் உள்நாட்டுப் போக்குவரத்து என்று வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள். அதாவது, பேரரசு பிழைத்ததாலேயே அடிமை வணிகம் கூடுதல் காலம் ஓடலாம். இதை மறைக்காதீர்கள். நிறுத்துவதற்குச் சரியான காரணம் தேடுங்கள்: ஒன்று இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் (1839-இல் போர்த்துகீசியக் கப்பல்களையும் 1845-இல் பிரேசில் கப்பல்களையும் பிடிக்க அது தன்னிச்சையாகச் சட்டமே போட்டது), இரண்டு, 1835-இல் சால்வதோரில் முஸ்லிம் ஆப்பிரிக்கர்கள் எழுந்ததுபோன்ற கிளர்ச்சிகள், மூன்று, பொனிஃபாசியோவின் படிப்படியான விடுவிப்பு உண்மையிலேயே சட்டமாதல். மூன்றையும் கலக்கலாம். மன்னர் திடீரென்று மனம் இளகினார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நெருங்கிப் பார்க்க ஓரிடம் சொல்கிறேன்: ரியோவின் வலோங்கோ துறை. 1811-இல் கட்டிய கல்தளம். அடிமைகள் வந்திறங்குவது நகரின் முக்கியத் தெருக்களில் கண்ணில் படாதிருக்க அந்த ஒதுக்குப்புறம். 1843-இல் பிரேசில் பேரரசி தெரேசா கிறிஸ்டினா வந்திறங்குவதற்காக அந்தக் கல்மீது அலங்காரத் துறை ஒன்றைப் போட்டு மூடினார்கள். பிறகு அதன்மேலும் மண். 2011-இல் துறைமுகப் பணிக்காகத் தோண்டியபோது வெளியே வந்தது. 2017 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். உங்கள் கதையில் அந்தப் பேரரசி வரவில்லை. அப்படியானால் அந்தக் கற்கள் மேல் இன்று என்ன இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் நாடு முழுவதும் துலங்கிவிடும்.

படி 7: ஆப்பிரிக்காவும் ஆசியாவும்

1822-இல் அங்கோலாவின் பெங்குவெலாவில் பிரேசிலோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. இது அற்ப விஷயமாக இருந்திருந்தால், போர்த்துகல் பிரேசிலின் விடுதலையை ஏற்ற 1825 அங்கீகார ஒப்பந்தத்தில் 'மற்ற போர்த்துகீசியக் காலனிகள் சேர வந்தால் பிரேசில் ஏற்காது' என்று ஒரு பிரிவையே எழுதியிருக்கமாட்டார்கள். நம் கதையில் அந்தப் பிரிவு இல்லை. அங்கோலா லிஸ்பனைவிட ரியோவை ஒட்டியே வளரும்.

தவறு நேரும் இடம் 20-ஆம் நூற்றாண்டு. உண்மையில் போர்த்துகலின் சர்வாதிகாரி சாலசாரின் அரசு 1951-இல் காலனிகளை 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றிற்று. ஆனால் பெரும்பாலான ஆப்பிரிக்கர்களைக் குடிமக்களாக ஏற்காத உள்நாட்டார் சட்டம் 1961 வரை நீடித்தது. அந்த ஆண்டே அங்கோலாவில் துப்பாக்கி வெடித்தது. உங்கள் பேரரசில் அப்படி ஒரு சட்டம் எந்தக் காலத்திலாவது இருந்தால் 1960-களில் அது உடையும், விதிவிலக்கு எழுதாதீர்கள். முழுக் குடியுரிமைக்கு ஒரு தேதி குறியுங்கள். 1900-க்கு முன்னதாக இருந்தால் நல்லது.

கோவா 1822-லேயே லிஸ்பன் பேரவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் பெர்னார்டோ பெரஸ் தா சில்வா கோவா மண்ணின் மைந்தர், பின்னாளில் கோவாவுக்கே ஆட்சித் தலைவராக நியமனம் பெற்றார். ஆகவே 'கோவாவுக்கும் சமபங்கு' என்பது வெறும் கனவல்ல. ஆனாலும் இந்தியத் துணைக்கண்டத்தில் ஒரு பெரிய தேசம் எழுந்தபின் 3,700 சதுர கிலோமீட்டர் கரையை ரியோவிலிருந்து காக்க முடியாது. 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்து இரண்டே நாளில் முடித்துவிட்டது. பேசி விட்டுக்கொடுத்ததாக எழுதுவதே மரியாதை.

தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் இந்த வரைபடத்தில் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 1821 கவையில் அது நடக்காது. அவை 1658-லேயே போய்விட்டன. நமக்கு மிஞ்சியவை சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பாதிரி, அன்னாசி. ஈழத்தில் கூடுதலாகக் கதிரை, சப்பாத்து, பாண். பேரரசு இல்லாமலே சொற்கள் பிழைக்கும் என்பதற்கு அவையே சாட்சி.

படி 8: மொழி

'போர்த்துகீசியம் பேசும் பேரரசு' என்று தலைப்பு வைத்துவிட்டு மொழி தானாகப் பரவியதாக எழுதுவது அடுத்த பிழை. மொசாம்பிக்கில் 1980-இல் போர்த்துகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 2017-இல் சுமார் 17 பேர். பேரரசு போன பிறகு, விடுதலை பெற்ற நாட்டின் பள்ளிகள்தான் அந்த மொழியைப் பரப்பின.

பழைய பேரரசுக்குக் கல்வியில் அக்கறை கிடையாது. பிரேசிலில் பல்கலைக்கழகம் இல்லை. எல்லோரும் போர்த்துகலின் கோயிம்பிராவுக்குப் போகவேண்டும். அச்சகமும் கூடாது. போர்த்துகீசியப் பாதிரிமார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டது 1578; ரியோவில் அரச அச்சகம் தொடங்கியது 1808 மே மாதம். தமிழுக்குக் கிடைத்த அச்சு, அவர்களுடைய மிகப்பெரிய காலனியில் நிலைபெற 230 ஆண்டு காத்திருந்தது. ஆகவே உங்கள் வலப்பக்கத்தில் 1825-க்குள் ரியோவிலோ சாவோ பாவுலோவிலோ ஒரு பல்கலைக்கழகமும், பிறகு லுவாண்டாவில் ஆசிரியர் பள்ளியும் தேதியோடு இருக்கவேண்டும்.

படி 9: பிறக்காதவர்கள்

கவைக்குப் பிறகு கருவான எவரும் அப்படியே பிறக்கமாட்டார்கள். பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ (1825) இல்லை. சாலசார் (1889) இல்லை. பெலேயும் (1940) இல்லை. மொசாம்பிக்கில் பிறந்து போர்த்துகலுக்கு ஆடிய யூசேபியோவும் (1942) இல்லை. 1966 உலகக் கோப்பையில் போர்த்துகல் பிரேசிலை 3-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். ஒரே சட்டையில் ஆடியிருந்தால் என்ற ஆசை யாரைத்தான் விட்டது! ஆனால் அதைப் பிரதான கதையில் வைக்கக்கூடாது. நடைமுறைக்கு: கவைக்குப் பின் 30 ஆண்டுவரை வெளியுலகம் பெரும்பாலும் நம் உலகம்போலவே ஓடட்டும்; அதற்குப் பிறகு பெயர்களை விட்டுவிட்டுப் போக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீராவி, தந்தி, காப்பி, ரப்பர், குடியேற்றம் எல்லாம் வரும். குறிப்பிட்ட மனிதர்கள் வரமாட்டார்கள்.

படி 10: கையில் பிடிக்கும் பொருள்களில் சோதனை

கட்டிய உலகம் நிற்கிறதா என்று பார்க்க, இன்றைய லுவாண்டாவில் ஒரு மருந்துக்கடைச் சீட்டை எழுதிப் பாருங்கள். என்னென்ன தப்பு வரும்?

பணத்தை எஸ்குடோவில் எழுதினால் தப்பு; அது 1910 குடியரசுக்குப் பின் 1911-இல் வந்தது. குருசெய்ரோவும் தப்பு, பிரேசில் 1942-இல் மாற்றியது. உங்கள் கடையில் பழைய ரெய்ஸ் கணக்குத்தான்: ஆயிரம் ரெய்ஸ் ஒரு மில்-ரெய்ஸ், பத்து லட்சம் ஒரு கோன்டோ, ஆயிரத்துக்கும் நூறுக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்ட டாலர் போன்ற குறி.

கடைப் பலகையில் 'ஃபார்மாசியா' என்பதை இன்றைய எழுத்துமுறையில் எழுதினால் அதுவும் தப்பு. 1911-இல் போர்த்துகல் பிரேசிலைக் கேட்காமல் எழுத்துச் சீர்திருத்தம் செய்ததில்தான் இரு எழுத்துமுறை பிளவு தொடங்கிற்று. அதற்கு முன் அந்தச் சொல்லின் ஃப ஒலியைக் கிரேக்க வழக்கப்படி 'பி', 'எச்' சேர்த்து எழுதினார்கள். ஒரே நாட்டில் சீர்திருத்தம் வந்திருந்தாலும் இரு கரையும் கூடிப் பேசிய, தாமதமான, அரைகுறைச் சீர்திருத்தமாகத்தான் இருக்கும்.

சீட்டின் தலைப்பில் கொடி. பச்சை-சிவப்பு வைத்தால் மொத்த உலகமும் சரிந்தது; அது குடியரசின் கொடி. பச்சை-மஞ்சளும் கூடாது, அது 1822 செப்டம்பரில் தனி பிரேசிலுக்குப் பிறந்தது. ஐக்கிய முடியரசின் சின்னத்தை 1816 மே 13 சட்டமே வகுத்திருக்கிறது: நீலத்தில் பொன்னிற வான்கோளம், அதன்மேல் போர்த்துகலின் கேடயம், உச்சியில் மகுடம். தேசியப் பாட்டும் அப்படியே. இன்றைய போர்த்துகல் பாடும் பாட்டு 1890-இல் இங்கிலாந்தின் இறுதி எச்சரிக்கைமேல் எழுந்த கோபத்தில் பிறந்தது. அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் இடைப்பட்ட நிலத்தை விட்டு விலகு என்பது எச்சரிக்கை. உங்கள் உலகில் அந்த மோதல் நடந்ததா? நடந்திருந்தால் ரியோ பணிந்ததா? பாட்டு அதைப் பொறுத்தது.

படி 11: இப்போது வரைபடம்

இனி வண்ணப் பென்சிலை எடுக்கலாம். பிரேசில், போர்த்துகல், தீவுகள், அங்கோலாவின் கரை ஒரே வண்ணம். மொசாம்பிக்குக்குச் சற்று வெளிறிய வண்ணம்; அது எந்த ஆண்டில் முழு உறுப்பு நாடானது என்று நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 1821-இல் சிஸ்பிளாத்தினா என்ற பெயரில் இணைத்துக்கொண்ட உருகுவே கையில் இருக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். உண்மையில் 1828-இல் போய்விட்டது, நம் உலகிலும் ஸ்பானியம் பேசும் அந்த ஊர் தங்குவது சந்தேகம். கோவாவையும் மக்காவையும் வண்ணமின்றி விட்டு ஓரத்தில் விட்டுக்கொடுத்த ஆண்டை எழுதுங்கள். தலைநகருக்கு நட்சத்திரம் ரியோவிலோ, பொனிஃபாசியோ கேட்ட உள்நாட்டு நகரத்திலோ. லிஸ்பனுக்கு மற்ற மாகாணத் தலைநகரங்களுக்குப் போட்ட அதே சிறிய வட்டம்.